நகல் யார் வசம்?

2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், எண்ணூர் அனல் மின்நிலைய விஸ்தரிப்புச் சம்பந்தமாகப் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் எர்ணாவூரில் நடைபெற்றது. அந்த விஸ்தரிப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றி இன்று நாம் எழுதப் புகவில்லை. அத்தகைய கூட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடந்தாக வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றியே எழுதுகிறோம். காத்திவாக்கத்தைச் சுற்றிலும் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் சாம்பல் குளங்களும் பெருகி வருகிறவரையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் இன்னும் பல நடக்கத்தான் போகின்றன. ஆகையால் இந்த விஷயம் பழசாகிவிடவில்லை.

2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்கு முன் ஜனங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுகிறது. வரைவு அறிக்கையின் பிரதிகள் கலெக்டர் ஆபீஸிலும், மாநகராட்சி அல்லது ஜில்லாப் பஞ்சாயத்துக் காரியாலயத்திலும், ஜில்லாத் தொழில் மையத்திலும், மத்திய மந்திரி இலாகாவின் பிராந்தியக் காரியாலயத்திலும் வைக்கப்பட வேண்டும் என்றும், சுருக்கம் உள்ளூர்ப் பாஷையிலும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்த விதியை எழுதியவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மூலம் ஓரிடத்தில் இருந்தால் போதாது, அதன் நகல் பிரஜையின் பக்கத்தில் இருந்தால்தான் அவனுடைய உரிமை உரிமையாகும் என்ற உண்மையை அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஆனால், அவர்கள் கண்டது காகிதப் பிரதியை மாத்திரமே. இன்று நெட்டுக்குப்பத்து மீனவரோ, எர்ணாவூர்த் தொழிலாளியோ நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள அறிக்கையைப் படிக்கக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதில்லை. கையிலிருக்கும் டெலிபோனில் தேடுகிறார். அப்படித் தேடும்போது அந்த அறிக்கையின் நகல் எங்கே இருக்க வேண்டும், எத்தனை இடங்களில் இருக்க வேண்டும், எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் விதி இல்லை. வலைத்தளத்தில் போட்டாயிற்று என்றால் கடமை தீர்ந்தது என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை.

இணையத்தில் ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார். அது தூரத்திலுள்ள மூல சர்வரிலிருந்து வருகிறது. வரும் வழியில் ஒரு பெட்டி அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுகிறது. அடுத்தவர் அதையே கேட்டால், மூலத்துக்குப் போகாமல் அந்தப் பெட்டியே கொடுத்துவிடுகிறது. இதற்குக் கேச் என்று பெயர். நாம் ஊர்க்கிடங்கு என்று சொல்லுவோம். இதை விளக்கக் காத்திவாக்கத்தாருக்கு வேறு உவமானம் தேட வேண்டியதில்லை. அவர்கள் ஊரருகே கடலில் கலக்கும் கொசஸ்தலையாறு வரும் வழியில் பூண்டியில் தேக்கப்படுகிறது. ஸ்ரீ சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது முயன்று, அவர் கண்மூடிய பிறகு 1944-ல் முடிவடைந்த நீர்த்தேக்கம் அது. அங்கிருந்து வரும் நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் சோழவரத்துக்குத் திருப்பப்படுகிறது. சோழவரம் புழலுக்குக் கொடுக்கிறது. புழல் நகரத்துக்குக் கொடுக்கிறது. மிஞ்சியது எண்ணூர் முகத்துவாரத்தைச் சேருகிறது. ஒவ்வோர் ஏரியும் மற்றதைக் கேட்காமல் மதகைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் நகரத்துக்குக் குடிநீர் இராது. ஆற்றோரக் குப்பங்களுக்கு வெள்ளம் மாத்திரம் மிஞ்சும். ஊர்க்கிடங்குகளின் சமாசாரமும் இதுவே. ஒன்று வைப்பது சுலபம். பலவற்றை வைத்து அவற்றை ஒன்றுக்கொன்று உதவும்படி செய்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

இந்தச் சாமர்த்தியத்தை முதலில் வளர்த்தவர்கள் வியாபாரிகள் அல்ல என்பதை நமது நேயர்கள் கவனிக்க வேண்டும். 1990-களின் மத்தியில் அமெரிக்காவில் சில சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ‘ஹார்வெஸ்ட்’ என்னும் திட்டத்தில் இதைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்த ‘ஸ்குவிட்’ என்னும் மென்பொருள் இன்றும் எவருக்கும் இலவசம். ஸ்குவிட் என்றால் கணவாய். காசிமேட்டில் கூடையில் விற்கும் அதே கணவாய்தான். அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் பொருளுதவியால் பல ஊர்களில் கிடங்குகள் வைக்கப்பட்டன. அந்நிய நாட்டுக் கிடங்குகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ள அனுமதிக்கப்பட்டன. ஒரு கிடங்கு தன்னிடமில்லாத பக்கத்தைத் தன் உடன்பிறந்த கிடங்குகளிடம், ‘உன்னிடம் இருக்கிறதா?’ என்று ஒரு சிறு ஓலை அனுப்பிக் கேட்கும். ‘உண்டு’ என்று முதலில் சொன்னதிடம் பெற்றுக்கொள்ளும். ஒருவரிடமும் இல்லையென்றால் தாய்க்கிடங்கிடம் போகும். இந்தச் சம்பாஷணைக்குரிய விதிமுறை 1997-ல் பிரசுரமாயிற்று.

கூட்டுக்குடும்பம் பெரிதானால் பேச்சும் பெரிதாகும். நமது மாநிலத்தில் 38 ஜில்லாக்கள் இருக்கின்றன. ஜில்லாவுக்கு ஒரு கிடங்கு வைத்ததாகக் கொள்ளுவோம். ஒரு கிடங்கில் ஒரு பக்கம் இல்லையென்றால் 37 கேள்விகள் போகும். 37 பதில்கள் வரும். ஒரே ஒரு பக்கத்துக்காக 74 ஓலைகள்! இதற்குப் பரிகாரமாக இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, ஒவ்வொரு கிடங்கும் தன்னிடமுள்ளவற்றின் மிகச் சுருங்கிய ஜாபிதாவை மற்றவற்றுக்கு அவ்வப்போது அனுப்பிவிடுவது. ஜாபிதா சுருக்கமாதலால் இல்லாததை இருப்பதாக எப்போதாவது காட்டும். போய்க் கேட்டுத் திரும்புவதைத் தவிர அதனால் பெரிய நஷ்டமில்லை. மற்றொன்று கணக்கு. பக்கத்தின் பெயரையே ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக் கிடங்குகளின் தொகையால் வகுத்து, மிஞ்சும் மீதியைக் கொண்டு அது எந்தக் கிடங்குக்கு உரியது என்று தீர்மானிப்பது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டவுடன் இடம் தெரிந்துவிடும்.

கேட்க அழகாக இருக்கிற இந்தக் கணக்கில் ஒரு ஆபத்து உண்டு. 2019-க்கு முன் நமக்கு 32 ஜில்லாக்கள்தாம். 2020-ல் 38 ஆகிவிட்டன. 38 நாளைக்கு 39 ஆனால் மீதி எல்லாம் மாறிப்போகும். 39 பக்கங்களுக்கு 38 பக்கங்கள் இடம்பெயர வேண்டியிருக்கும். ஒரு புதிய ஜில்லா பிறந்ததற்காக மாநிலம் முழுவதும் பரம்பை அவிழ்த்துக் கட்டுவது போலாகும். 1997-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் கழகத்தில் கார்கர், லெய்ட்டன், லெவின் முதலியோர் இதற்கு வழி சொன்னார்கள். கிடங்குகளையும் பக்கங்களையும் ஒரு வட்டத்தின் விளிம்பில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பக்கமும் தனக்கு அடுத்தாற்போல் நிற்கும் கிடங்கைச் சேரும். புதிய கிடங்கு வந்தால் சுமார் 39-ல் ஒரு பங்கு மாத்திரமே இடம் மாறும். ஒன்று பழுதானால் அதன் பங்கு மாத்திரமே மற்றவற்றுக்குப் போகும். 1998-ல் லெய்ட்டனும் லெவினும் இந்த வித்தையை மூலதனமாக வைத்து ‘அகாமை’ என்னும் கம்பெனியை ஆரம்பித்தார்கள். லெவின் 2001 செப்டம்பர் 11-ந் தேதி கடத்தப்பட்ட விமானமொன்றில் உயிரிழந்தார். கம்பெனி உலகெங்கும் பரவிற்று.

அந்த 1998-ல்தான் பொதுக் கைங்கரியமாகத் தொடங்கிய வித்தை வியாபாரமாகத் திரும்பியது. பின்னர் மற்றொன்றும் நேர்ந்தது. 2013-ல் ஸ்னோடன் அமெரிக்க ஒற்றர் இலாகாவின் இரகசியங்களை வெளியிட்டபின், இணையப் பக்கங்களெல்லாம் மூடி முத்திரையிட்ட உறையில் செல்லும் வழக்கம் வேகமாகப் பரவிற்று. பிரஜையின் கடிதத்தை நடுவழியில் எவரும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் அதன் பயனாக, வழியிலிருந்த பொதுக்கிடங்குகள் குருடாகிவிட்டன. உறைக்குள் இருப்பது என்னவென்று தெரியாதபோது எதற்கு நகல் எடுப்பது? முத்திரைக்குரிய சாவியை வைத்திருப்பவரே நகல் வைக்க முடியும் என்றாயிற்று. சாவி யாரிடம்? பெரிய கம்பெனிகளிடம்.

இன்று கூகிளும், நெட்பிளிக்ஸும், மெட்டாவும் இணைய சேவைக் கம்பெனிகளின் கட்டிடங்களுக்குள்ளேயே தங்கள் சொந்தக் கிடங்குகளை வைத்திருக்கின்றன. நெட்பிளிக்ஸ் தன் பெட்டியை இலவசமாகவே கொடுத்து, ஜனசந்தடி குறைந்த வேளையில் சினிமாக்களை அதில் நிரப்பிவிடுகிறது. எண்ணூரில் ஒருவர் பார்க்கும் படம் சமுத்திரம் தாண்டி வருவதில்லை, சென்னையிலிருந்தே வருகிறது. இதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. அந்நியர் என்பதற்காகத் துவேஷமும் இல்லை. அவர்கள் தங்கள் சரக்கை வாடிக்கையாளரின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது நல்ல வியாபாரம். நாம் கேட்பது ஒன்றே. சினிமாவுக்கு வாசலில் கிடங்கு இருக்கும்போது, நமது ஆற்றைப் பற்றிய அறிக்கைக்கு ஏன் இல்லை?

கிடங்கின் சுபாவத்தையும் கவனிக்க வேண்டும். இடம் அளவுபட்டது, ஆகவே பலர் கேட்பது தங்கும், சிலர் கேட்பது வெளியே தள்ளப்படும். உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் பாட்டு எந்தக் கிடங்கிலும் இருக்கும். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய தமிழ்ச் சுருக்கத்தை முப்பது நாளில் முந்நூறு பேர் கேட்கலாம். அந்த முந்நூறு பேருக்கு அது ஜீவாதாரமான விஷயம். கிடங்கின் கணக்கில் அது குப்பை. எவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு பொதுக்காகிதங்களை நடத்துவது தர்மமாகாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. 1999-ல் வாஷிங்டன் சர்வகலாசாலையார் ஆராய்ந்து, கிடங்குகள் கூடி உதவுவதால் சிறிய கூட்டத்தாருக்கு நல்ல லாபம் உண்டு, பெரிய கூட்டத்தாருக்கு லாபம் அற்பம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெரிய கூட்டத்தின் ஒரே கிடங்கிலேயே பலரும் கேட்பது சேர்ந்துவிடுகிறது என்பதே காரணம். அது சரியான கணக்கு என்றே நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அது சராசரிக் கணக்கு. புயல் அடிக்கும் இரவில் காத்திவாக்கம் கேட்கும் ஒரு பக்கமும், சாவகாசமான மத்தியானத்தில் ஒருவர் கேட்கும் வேடிக்கைப் படமும் அதில் ஒரே எடை. எடை வேறு என்று சொல்லுவதற்குத்தானே சர்க்கார் என்று ஒன்று இருக்கிறது?

‘சென்னைக்கும் காத்திவாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்? கண்ணாடியிழையில் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறதே’ என்று சிலர் சொல்லக்கூடும். தூரத்துக்காக நாம் வாதாடவில்லை. கிடங்கு வேண்டியது இரண்டு சமயங்களுக்காக. எல்லோரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் முட்டுவது ஒன்று. பரீட்சை முடிவு வெளியாகும் காலை வேளைகளில் வீட்டுக்கு வீடு இதை அறிவார்கள். வழி அறுந்துபோவது மற்றொன்று. 2020 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றச் சில தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி திறந்து வைக்கப்படும்வரையில், அந்தமான் வாசிகள் ஆகாயத்துச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். அவ்வளவு குறுகலான வழியில் ஒரே பக்கத்தை ஆயிரம் பேருக்காக ஆயிரம் தடவை கொண்டுவருவது எவ்வளவு வீண் என்பது சொல்லாமலே விளங்கும்.

2023 டிசம்பரை எண்ணூர்ப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலும் வெள்ளமும் வந்தன. அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்து கழிமுகமெங்கும் படர்ந்து, மீனவரின் படகையும் வலையையும் பாழாக்கிற்று. 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தத் திசையில் ஓடுவது, எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, கண்ணெரிச்சலுக்கு என்ன செய்வது என்ற நான்கு வரி, ஊருக்குள்ளேயே ஒரு பெட்டியில் முன்கூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டியது. மின்சாரம் போன கோபுரத்துக்குக் கிடங்கு உயிர் கொடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். பாட்டரியும் டீசலும் இல்லாத இடத்தில் ஊர்க்கிடங்கு வெறும் இரும்புப் பெட்டி. அந்தச் செலவையும் திட்டத்தில் சேர்க்காவிட்டால் திட்டமே வேண்டாம்.

நகல் பெருகினால் பழைய நகல் என்னும் தொல்லையும் பெருகும். பத்திரிகை நடத்தும் நமக்கு இது அன்றாட அநுபவம். ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய ‘தந்தி’ பின்னர் பல நகரங்களில் அச்சாகி, வாசகன் விழிக்கும் முன்னே வாசலை எட்டியது. இன்று மற்றப் பத்திரிகைகளும் அப்படியே செய்கின்றன. ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சென்னையில் ஒரு தலைப்புத் திருத்தப்பட்டால், திருத்தம் எல்லா அச்சுக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். கிடங்குகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு நகலுக்கும் ஆயுள் குறிக்கப்படுகிறது. ஆயுள் முடிந்ததும், ‘மாறியிருக்கிறதா?’ என்று மூலத்தைக் கேட்க வேண்டும். மூலம் பதில் சொல்லாவிட்டால் பழையதையே கொடுக்கலாம் என்றும் ஒரு விதி உண்டு. மதிப்பீட்டு அறிக்கைக்கு அந்த விதி பொருந்தும். மாதக்கணக்கில் அது மாறுவதில்லை. புயல் எச்சரிக்கைக்கு அது விஷம். காலை ஆறு மணி எச்சரிக்கையை மாலை ஆறு மணிக்குக் கொடுக்கும் கிடங்கு, பேசாமலிருக்கும் கிடங்கைவிட மோசம். எச்சரிக்கைக்கு ஆயுள் நிமிஷக் கணக்கில் இருக்க வேண்டும். வெளியான மணி அதன் நெற்றியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மற்றொரு சந்தேகம் வக்கீல்களுக்கு எழும். ஊர்க்கிடங்கில் உள்ள நகலை எவரேனும் திருத்திவிட்டால்? கோர்ட்டில் சான்றிட்ட நகல் என்று ஒன்று உண்டு. முத்திரை இருந்தால் அது எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்தையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அறிக்கை வெளியாகும் அன்றே அதிகாரி அதில் கையொப்பமிட்டுவிட்டால், காத்திவாக்கத்தில் எடுத்த நகலும் மூலமும் ஒன்றே என்று எந்தப் பையனும் தன் டெலிபோனில் சரிபார்த்துவிடலாம்.

ஆகவே, பொதுக்காகித விஷயத்தில் சாவி பற்றிய தகராறே இல்லை. அந்தக் காகிதங்களுக்குச் சொந்தக்காரர் சர்க்கார். சர்க்காருக்குச் சொந்தக்காரர் ஜனங்கள். எந்த அந்நியக் கம்பெனியின் அனுமதியும் இதற்கு வேண்டாம். தேசியத் தகவலியல் மையம் சர்க்கார் வலைத்தளங்களுக்கு நகல் பரப்பும் சேவையை நடத்திவருகிறது. உள்நாட்டுக் கடிதம் அந்நிய தேசம் போய்த் திரும்பும் அவமானத்தைப் போக்கவே 2003-ல் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் ஏற்பட்டது. சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. 12,525 கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடியிழையால் இணைப்பதற்கென்று தமிழ்நாடு பைபர்நெட் கார்ப்பரேஷன் இருக்கிறது. கை இருக்கிறது, கால் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து நடத்தும் ஒரு உத்தரவுதான் இல்லை. ஜில்லாவுக்கு ஒரு கிடங்கு. சாதாரணக் காகிதங்களை வட்டக் கணக்குப்படி பங்கிட்டுக்கொள்ளட்டும். உள்ளூர்க் காகிதத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. எண்ணூர் அறிக்கை கணக்குப்படி கன்னியாகுமரிக் கிடங்கில் போய் விழுந்தால் யாருக்குப் பிரயோஜனம்? அதன் நகல் திருவொற்றியூர் மண்டலக் காரியாலயத்தில் ஆணியடித்தாற்போல் இருந்தாக வேண்டும். கேட்பவர் குறைவு என்று அதைத் தள்ளக்கூடாது. 2011-ல் தன் நகராட்சியை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்ட ஊருக்கு இது பெரிய சலுகை ஒன்றுமல்ல.

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, கேளாமலே தகவலைப் பரவலாக வெளியிட வேண்டும் என்றும், செலவையும் உள்ளூர்ப் பாஷையையும் அந்தப் பிரதேசத்துக்கு மிகவும் ஏற்ற முறையையும் கவனித்தே வெளியிட வேண்டும் என்றும் சொல்லுகிறது. இதற்குமேல் வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கத்தில் அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு வெளியானவுடன், நமது ஊழியர்கள் கலெக்டரிடம் ஒரு மனுவை எழுதிக் கொடுக்கட்டும். கையொப்பமிட்ட அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மண்டலக் கிடங்கில் வந்து சேர்ந்த நாள் எது என்று அதில் கேட்கட்டும். அந்த நாளிலிருந்துதான் 30 நாளை எண்ண வேண்டும் என்றும் அதிலேயே எழுதட்டும்.